ஈஸ்டர் விடுமுறையில் பிள்ளைகளோடு டோவர் கோட்டை: எந்த நாள் போவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடும்பம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், அவருக்கு மூட்டுவலி. ஈஸ்டர் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பழைய கோட்டை ஒன்றுக்குப் போக ஆசை. சாக்லேட் முட்டைக்காக ஓடுவதோடு நின்றுவிடாமல் பிள்ளைகள் கொஞ்சம் வரலாறும் தெரிந்துகொள்ள வேண்டும். டோவர் கோட்டை சரிப்படுமா? கொடுக்கிற காசுக்குத் தகுமா? ஈஸ்டர் ஞாயிறன்றே போகலாமா? இல்லை, வேறு கோட்டை ஏதாவது தேவலையா?

சரிப்படும். காசுக்கும் தகும். ஆனால் ஞாயிறன்று போகாதீர்கள். கடைசியில் சொன்னதற்குக் காரணத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டோவர் என்றால் கோட்டை மட்டுமில்லை, பிரான்ஸுக்குக் கப்பல் ஏறும் துறைமுகமும் அதுதான். கோட்டை நிற்கும் குன்றின் அடிவாரத்திலேயே துறைமுகம். ஈஸ்டர் விடுமுறை தொடங்கும் வாரக்கடைசியில் பாதி இங்கிலாந்து காரை எடுத்துக்கொண்டு அங்கே வந்து நிற்கும். 2023 ஏப்ரல் தொடக்கத்தில் சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணி நேரத்துக்கு மேல் வரிசையில் காத்துக்கிடந்த செய்தி நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட நாளில் எம் 20, ஏ 20 சாலைகளில் போனால் கோட்டையைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். ரயிலில் போகலாமே என்றால், இங்கே தண்டவாளப் பராமரிப்பு வேலைகளுக்கு ஈஸ்டர் வாரக்கடைசியைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். அதோடு இங்கிலாந்தில் ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் திறக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வழியில் தண்ணீர், பழம் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு அன்று பலிக்காது.

கோட்டையை நிர்வகிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு நடத்துகிற ஈஸ்டர் முட்டை வேட்டை வழக்கமாக அந்த ஒரு ஞாயிறோடு முடிவதில்லை, பள்ளி விடுமுறை நாட்கள் பலவற்றிலும் நடக்கும். வாள்சண்டை, பருந்து பறக்கவிடுவது மாதிரியான காட்சிகள்தாம் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் இருக்கும். எது, எப்போது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே அவர்கள் இணையதளத்தில் தேதிகளைப் பார்த்துவிட்டு ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம்தான். அங்கே ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனலில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் டோவர் பிரையரி நிலையம். அங்கிருந்து கோட்டைக்கு நல்ல ஏற்றம். மாமியார் கூட வருவதால் நடக்க யோசிக்கவே வேண்டாம், டாக்சி எடுத்துவிடுங்கள்.

செலவு விஷயம். வாசலில் போய் நின்று டிக்கெட் வாங்குவதைவிட ஆன்லைனில் முன்கூட்டி எடுத்தால் குறையும். அதைவிட முக்கியம், நான்கைந்து பேருக்கு ஒருநாள் டிக்கெட்டின் மொத்தத்தையும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜின் ஆண்டு மெம்பர்ஷிப் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் மெம்பராக இருந்தால் கூட வரும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. அந்த மெம்பர்ஷிப்பில் நாடு முழுக்க 400-க்கு மேற்பட்ட இடங்களுக்குப் போகலாம். கோடையிலும் இன்னும் இரண்டு இடங்களுக்குப் போவோம் என்ற நம்பிக்கை இருந்தால் மெம்பர்ஷிப்தான் லாபம். ஈஸ்டரோடு சரி என்றால் டிக்கெட்டே போதும்.

இனி, அங்கே போய் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முட்டை வேட்டை என்பது கையில் ஒரு தாள், ஆங்காங்கே குறிப்புகள், கண்டுபிடித்து எழுதி முடித்தால் கடைசியில் ஒரு சாக்லேட் முட்டை. ஏழு வயதுக்கு அது ஒரு மணி நேரம் ஓடும். அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, ஓடட்டும். ஆனால் அந்தத் தாளையே நாள் முழுக்கத் துரத்தினால், சுற்றியிருப்பது கோட்டையா பூங்காவா என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். டோவரில் சுமார் 1,900 ஆண்டு வரலாறு ஒரே குன்றின் மேல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது: ரோமானியர், சாக்சன்கள், நார்மன் வழி மன்னர்கள், நெப்போலியன் காலம், ஹிட்லர் காலம், அணுகுண்டு பயம் வரைக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊட்ட முயன்றால் ஒன்றும் இறங்காது. ஒரே ஒரு கதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அது 1216-ஆம் ஆண்டு முற்றுகை. அதில் சின்ன வயது ராஜா இருக்கிறான், சுரங்கம் இருக்கிறது, பன்றிகள் இருக்கின்றன, கடற்கொள்ளையனாக மாறிய துறவியும் இருக்கிறார். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

கதையை ரயிலில் போகும்போதே சொல்லி முடித்துவிடுங்கள், அந்த ஒரு மணி நேரம் சரியாக இருக்கும்.

இங்கிலாந்தின் ஜான் மன்னர் 1215-இல், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, சில வாரங்களிலேயே அது செல்லாது என்று போப்பாண்டவரைச் சொல்லவைத்தார். பிரபுக்கள் கொதித்து எழுந்தார்கள். ரோச்செஸ்டர் கோட்டையைப் பிடித்து உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். ஜான் அதை முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகளால் சுவர் விழவில்லை. ஆகவே கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மண் சரியாமல் மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, அந்தக் கட்டைகளைக் கொளுத்தத் திட்டமிட்டார்கள். முட்டு எரிந்து விழுந்தால் மேலே இருக்கும் கோபுரமும் சேர்ந்து விழும். தீ நன்றாகப் பிடிக்கக் கொழுப்பு வேண்டுமே! தின்பதற்கு லாயக்கில்லாத, நன்றாகக் கொழுத்த பன்றிகள் நாற்பதை இரவு பகல் பாராமல் அனுப்பி வை என்று ஜான் தன் தலைமை நீதி அதிகாரிக்கு ஓலை அனுப்பினார். கோபுரத்தின் மூலை இடிந்து விழுந்தது. அந்த ஓலையைப் பெற்றவர் பெயர் ஹியூபர்ட் டி பர்க். இந்தப் பெயரைப் பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

பிரபுக்கள் சும்மா இருக்கவில்லை. பிரான்ஸ் மன்னரின் மகன் லூயியை, நீ வந்து எங்களுக்கு ராஜாவாக இரு என்று அழைத்தார்கள். 1216 மே மாதம் அவர், டோவர் இருக்கும் கெண்ட் மாவட்டத்துக் கரையில் வந்து இறங்கினார். லண்டன் அவர் பக்கம் வந்தது, தென்கிழக்கில் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. டோவர் விழவில்லை. பிரான்ஸிலிருந்து ஆளும் அரிசியும், அதாவது அவர்கள் ஊர்க் கோதுமையும், வந்து இறங்க வேண்டிய துறைமுகத்தின் தலைக்கு மேலேயே எதிரியின் கோட்டை நின்றால் எப்படி நிம்மதியாகத் தூங்குவது? ஜூலையில் லூயி டோவரை முற்றுகையிட்டார். உள்ளே தலைமை தாங்கியவர் அதே ஹியூபர்ட் டி பர்க், அவரோடு சுமார் 140 வீரப்பிரபுக்களும் ஏராளமான காலாட்களும். முந்தைய ஆண்டு ரோச்செஸ்டர் சுரங்கத்துக்குப் பன்றி அனுப்பச் சொல்லப்பட்டவரின் காலடியிலேயே இப்போது பிரெஞ்சுக்காரர்கள் சுரங்கம் தோண்டினார்கள். குன்று முழுக்கச் சுண்ணாம்புக் கல். மண்வெட்டிக்கு இணங்கும், ஆனால் சரியாமல் நிற்கும். சுரங்கம் தோண்டுகிறவனுக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது.

வடக்கு வாசலின் இரட்டைக் கோபுரங்களில் ஒன்று சரிந்தது. பிரெஞ்சுப் படை அந்த வழியே உள்ளே பாய்ந்தது. கோட்டைக்காரர்கள் பெரிய மரங்களையும் உத்தரங்களையும் கொண்டுவந்து அந்த உடைப்பில் அடைத்து, கைகலந்து, அவர்களை வெளியே தள்ளினார்கள். இது நடந்த இடம் இன்றும் இருக்கிறது. அங்கே போய் நின்றுதான் இந்தப் பகுதியை மறுபடியும் சொல்ல வேண்டும்.

அக்டோபரில் ஜான் நோயில் செத்துப்போனார். அவர் மகன் ஹென்றிக்கு வயது ஒன்பது, அதாவது உங்கள் மகளைவிட ஒரு வயது சின்னவன். லண்டன் எதிரியின் கையில் இருந்ததால் குளோஸ்டரில் அவசரமாக முடிசூட்டினார்கள். முறையான மணிமுடி இல்லாமல் ஒரு பொன் வளையத்தைத் தலையில் வைத்தார்கள். சுமார் எழுபது வயதான வில்லியம் மார்ஷல் அந்தப் பையனுக்காக நாட்டைப் பார்த்துக்கொண்டார். கெண்ட் காடுகளில் வில்லாளிக் கூட்டம் ஒன்று, வில்லிகின் என்று அழைக்கப்பட்டவனின் தலைமையில், பிரெஞ்சுப் படையை மறைந்திருந்து தாக்கியபடியே இருந்தது. 1217 மே மாதம் லிங்கன் நகரில் லூயியின் ஆட்கள் தோற்றார்கள். ஆகஸ்ட் 24 அன்று சாண்ட்விச் என்ற ஊருக்கு அருகே கடலில், ஹியூபர்ட் டி பர்க்கும் மற்றவர்களும் பிரான்ஸிலிருந்து வந்த உதவிக் கப்பல்களை மறித்தார்கள். காற்று வாட்டம் பார்த்துச் சுண்ணாம்புத் தூளை எதிரிகள் கண்ணில் தூவினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கப்பல்களை நடத்திவந்தவர் யூஸ்டஸ், ஒருகாலத்தில் மடத்துத் துறவி, பிறகு கடற்கொள்ளையன். பிடிபட்டு அங்கேயே தலை போனது. லூயி பணம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு உள்ளே நுழைகிற பிள்ளைக்கும், வெறுமனே நுழைகிற பிள்ளைக்கும் அந்தக் கல்லெல்லாம் ஒன்றாகத் தெரியாது. மேற்கே இருக்கும் கான்ஸ்டபிள்ஸ் கேட் என்ற பிரம்மாண்டமான வாசலை வெளியிலிருந்து காட்டுங்கள். உடைந்த வடக்கு வாசலை முற்றுகைக்குப் பிறகு நிரந்தரமாக அடைத்துவிட்டு, 1220-களில் இதைப் புதிதாகக் கட்டினார்கள். திருடன் ஒருமுறை வந்த வழியை அடைத்துவிட்டு வீட்டுக்கு வேறு பக்கம் வாசல் வைக்கிற மாதிரிதான்.

அடுத்து நேராக, கோட்டையின் பெரிய கோபுரமான கிரேட் டவருக்குப் போங்கள், முட்டை வேட்டைக் கூட்டம் அங்கே சேருவதற்கு முன். சுமார் 25 மீட்டர் உயரம். சுவரின் கனம் சில இடங்களில் 6 மீட்டருக்கு மேல். ஜன்னல் பள்ளத்தில் மகனை நிறுத்திக் கையை விரிக்கச் சொன்னால் அவனுக்கே புரியும். இதைக் கட்டியவர் ஜானின் அப்பா, இரண்டாம் ஹென்றி. 1180-களில் எழும்பியது. கோட்டைக்குச் செலவு அக்காலத்தில் 6,500 பவுண்டுக்குக் குறையவில்லை.

எதற்கு இவ்வளவு பெரிதாக? படைக்குத்தான் என்று நாம் நினைப்போம். பெரும்பங்கு விருந்தாளிகளுக்காக என்பதுதான் சுவாரஸ்யம். 1170 டிசம்பர் 29 அன்று, ஹென்றியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட்டை, மன்னரின் வீரர்கள் நான்கு பேர் கேன்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். பெக்கெட் புனிதரானார். ஐரோப்பா முழுவதிலிருந்தும் யாத்ரீகர்கள் கேன்டர்பரிக்கு வரத் தொடங்கினார்கள். வருகிறவர்கள் பலரும் இறங்கியது டோவரில். 1179-இல் பிரான்ஸ் மன்னர் ஏழாம் லூயியே வந்து இறங்கினார். அப்படிப்பட்டவரை வரவேற்று உட்காரவைக்க டோவரில் தகுந்த மாளிகை இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கோபுரம். எந்தப் புனிதரின் சாவுக்கு இந்த மன்னர்தான் காரணம் என்று உலகமே சொன்னதோ, அந்தப் புனிதரைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதே மன்னர் கட்டிய விருந்தினர் மாளிகை! மேல்தளத்துப் பக்கம் பெக்கெட் பெயரிலேயே சின்ன ஜெபக்கூடமும் இருக்கிறது. கல் வேலைப்பாடு அருமை. கூட்டத்தில் பலர் எட்டிப் பார்க்காமலே கடந்துவிடுவார்கள், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

உள்ளே அறைகளை 2009-இல் பன்னிரண்டாம் நூற்றாண்டு அரண்மனை மாதிரி அமைத்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று அடிக்கிற நிறங்களில் கட்டில், சிம்மாசனம், திரைச்சீலை. கோட்டை என்றால் சாம்பல் நிறக் கல்தானே, இதென்ன கல்யாண மண்டபம் மாதிரி என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தக் காலத்துப் பணக்காரர்கள் நிறத்துக்கு ஆலாய்ப் பறந்தவர்கள். நிறமெல்லாம் உதிர்ந்து நமக்கு மிஞ்சியது கல் மட்டும்தான். பிள்ளைகள் அந்த மரச்சாமான்களில் உட்காரவும் செய்யலாம், கயிறு கட்டி "தொடாதே" என்று எழுதிவைத்த அருங்காட்சியகம் இல்லை அது. வேடமணிந்த ஆட்கள் இருந்தால் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்களில் நல்ல விஷயஞானம் உள்ளவர்கள் உண்டு.

இங்கேதான் ஈஸ்டரையும் கதைக்குள் கொண்டுவரலாம். கீழ்த்தளத்துச் சமையலறையில் நின்று, ஹென்றி மன்னரின் ஈஸ்டர் விருந்தில் எதெல்லாம் இருந்திருக்காது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். உருளைக்கிழங்கு இல்லை, தக்காளி இல்லை, வான்கோழி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவை வர இன்னும் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். சாக்லேட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். பிரிட்டனில் முதல் சாக்லேட் முட்டையை பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனம் 1873-இல்தான் செய்தது. முயல்? நார்மன்கள் இந்நாட்டில் முயலை இறைச்சிக்கும் தோலுக்கும் வேலியிட்டு வளர்த்தார்கள். அது முட்டை கொண்டுவரும் என்ற கதை பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஜெர்மானியர் பக்கமிருந்து வந்தது.

ஆனால் நிஜக் கோழிமுட்டை கண்டிப்பாக இருந்திருக்கும், அதுவும் கூடை கூடையாக. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் பாலும் வெண்ணெயும் விலக்கு. கோழிக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்த முட்டைகளெல்லாம் ஈஸ்டரன்று வெளியே வரும். நிலத்தை உழுதவர்கள் பண்ணைப் பிரபுவுக்கு ஈஸ்டர் பாக்கியாகவே முட்டை கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. முதலாம் எட்வர்ட் மன்னரின் 1290-ஆம் ஆண்டுக் கணக்கில், 450 முட்டைகள் வாங்கப் பதினெட்டுப் பென்னி செலவு என்று இருக்கிறது. அவற்றுக்குச் சாயமேற்றியும் பொன்தாள் சுற்றியும் அரண்மனை ஆட்களுக்குக் கொடுத்தார்கள். உங்கள் மகன் வெள்ளித்தாளை உரித்துச் சாக்லேட் முட்டையைத் தின்னும்போது இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். நார்மன் மன்னர்கள் ஈஸ்டரன்று எல்லோர் முன்னாலும் முடியணிந்து உட்காருவது பெரிய சடங்கு. இரண்டாம் ஹென்றிக்கு அந்த ஆடம்பரம் பிடிக்கவில்லை. 1158 ஈஸ்டரில் வூஸ்டர் தேவாலயத்தில் அவரும் ராணி எலினோரும் முடிகளைக் கழற்றிப் பீடத்தில் வைத்துவிட்டு, இனி அணிவதில்லை என்றார்கள். அட்டையில் கிரீடம் செய்து மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் என்ன முகம் காட்டுவார்களோ.

மாடியில் கிணற்றைக் காட்ட மறக்காதீர்கள். நூறு மீட்டருக்கு மேல் ஆழம், இரண்டாம் தளத்திலிருந்தே நீர் இறைக்கலாம், ஈயக் குழாய்களில் மற்ற இடங்களுக்கும் தண்ணீர் போகும். முற்றுகையில் கோட்டை ஏன் தாக்குப்பிடித்தது என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. பிறகு கூரைக்கு ஏறுங்கள். வானம் தெளிவாக இருந்தால் பிரான்ஸ் கரை தெரியும், நடுவில் 34 கிலோமீட்டர் கடல்தான். லண்டனில் வெயில் அடித்தாலும் அங்கே காற்று ஆளைத் தள்ளும். காது மூடும் தொப்பி எடுத்துப் போங்கள், ஏப்ரல் என்று நம்பிவிட வேண்டாம்.

அதற்குப் பிறகு வடக்குப் பக்கத்து இடைக்காலச் சுரங்கங்கள். நாளின் உச்சம் இதுதான் என்பேன், கிரேட் டவரைவிடவும். வாசல் உடைந்த அனுபவத்துக்குப் பிறகு, அந்தப் பலவீனமான முனையைக் காக்க, அகழியின் நடுவில் செயின்ட் ஜான்ஸ் டவர் என்ற கோபுரத்தைக் கட்டி, கோட்டைக்குள்ளிருந்து பூமிக்கடியிலேயே அங்கே போய்வரப் பாதை வெட்டினார்கள். எந்தச் சுரங்கத்தால் அடிவாங்கினார்களோ அதே வித்தையை ஹியூபர்ட்டின் ஆட்கள் தமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார்கள். நெப்போலியன் காலத்தில் அவற்றை மாற்றிப் பெரிதாக்கியிருக்கிறார்கள், ஆகவே காண்பதெல்லாம் பதின்மூன்றாம் நூற்றாண்டு இல்லை. படி செங்குத்து, ஈரம் இருக்கும், வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். சுவரில் கைவைத்துப் பாருங்கள், வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டும். எப்படித் தோண்டினார்கள் என்ற கேள்விக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மதிய உணவுக்குக் கோட்டைக்குள் உணவகங்கள் உண்டு. சாண்ட்விச், உருளைக்கிழங்கு, கேக் வகையறா. விடுமுறை நாளில் ஒரு மணிக்கு வரிசை நீளும். மாமியாருக்கு அதெல்லாம் ஒத்துவருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். புளியோதரையும் உருளை வறுவலும் கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்காருவது உத்தமம். அங்கே யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடற்புறாக்கள் மட்டும் தட்டைப் பறிக்கப் பார்க்கும்.

மாமியார் என்ன செய்வார் என்பதுதான் உங்கள் கேள்வியில் கடினமான பகுதி. கிரேட் டவரின் சுழற்படிகளையும் இடைக்காலச் சுரங்கங்களையும் அவர் விட்டுவிட வேண்டியதுதான், ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இடமும் பெரிது, எங்கு போனாலும் ஏற்ற இறக்கம். கூட்டம் அதிகமான காலங்களில் வளாகத்துக்குள் சின்ன ரயில் வண்டி ஒன்று ஓட்டுவார்கள். அன்று ஓடுகிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சுரங்கத்தில் இருக்கும் நேரத்தில் உங்களில் ஒருவர் அவரை செயின்ட் மேரி தேவாலயத்துக்கு அழைத்துப் போகலாம். கிபி 1000 வாக்கில் சாக்சன்கள் கட்டியது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறையப் பழுதுபார்த்தார்கள். அதை ஒட்டியே, எண்கோண வடிவில், கல்லும் செங்கல் வரிகளுமாக நிற்பது ரோமானியர் கலங்கரை விளக்கம். இரண்டாம் நூற்றாண்டில் கப்பல்களுக்குத் தீ காட்டிய கோபுரம், பிற்பாடு தேவாலயத்துக்கு மணிக்கூண்டானது. பிரிட்டனில் இவ்வளவு உயரம் நிற்கிற ரோமானியக் கட்டடம் அரிது. முட்டியைத் தொந்தரவு செய்யாமல் இருபது நூற்றாண்டைப் பார்த்துவிடலாம்.

கடைசியாகப் போர்க்காலச் சுரங்கங்கள். டோவர் என்றதும் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். 1797 முதல் நெப்போலியன் பயத்தில் படைவீரர்கள் தங்கக் குடைந்த அறைகள். 1940-இல் துணை அட்மிரல் பெர்ட்ரம் ராம்சே இங்கிருந்துதான் டன்கர்க் மீட்பை, அதாவது பிரான்ஸின் டன்கர்க் கரையில் ஜெர்மன் படையிடம் சிக்கிய வீரர்களைக் கப்பலில் கொண்டுவந்த வேலையை, நடத்தினார். மே 26 முதல் ஜூன் 4 வரை. 45,000 பேரை மீட்டாலே பெரிது என்று தொடங்கியது, 3,38,000 பேருக்கு மேல் கரைசேர்ந்தார்கள். பிரமாதமான கதை, நன்றாகவும் காட்டுகிறார்கள். ஆனால் குறித்த நேரத்துக்குக் குழுக் குழுவாக உள்ளே விடுவதால் விடுமுறையில் வரிசை நீளம். உள்ளே இருட்டு, குண்டுச் சத்தம். நிலத்தடி மருத்துவமனைப் பகுதியில் விளக்கு அணைந்து எரியும். ஏழு வயதுப் பையன் பயப்படலாம், சோர்ந்துபோன நேரத்தில் அழவும் செய்யலாம். மதியம் மூன்றரைக்கு மேல் வரிசை குறைந்து, மகளுக்கும் தெம்பு இருந்தால் ஒருவர் அவளைக் கூட்டிப்போங்கள். அப்போது மகன் தன் முட்டை வேட்டைத் தாளை முடித்து, பரிசை வாங்கிக்கொள்ளட்டும். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். 1216-ஐயும் 1940-ஐயும் ஒரே நாளில் ஏழு வயதுக்குச் சொல்லிப் பயனில்லை.

வேறு கோட்டைகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். லீட்ஸ் கோட்டை, பெயர் அப்படியிருந்தாலும் கெண்டில்தான் இருக்கிறது. ஏரி நடுவில் அழகு கொள்ளை, புதிர்ப்பாதை, விளையாட்டிடம் எல்லாம் உண்டு. ஆனால் கண்ணில் படுகிற கட்டடத்தின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. புகைப்படத்துக்கும் ஓய்வுக்கும் அது நல்லது, மாமியாருக்கும் சுகம். வாரிக் கோட்டை உண்மையிலேயே பழையது, ஆனால் கேளிக்கைப் பூங்கா நடத்தும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பருந்துக் காட்சி மாதிரியானவை பிள்ளைகளைக் கவரும், ஆனால் அன்றைக்கு அவர்கள் நினைவில் நிற்பது காட்சிகள்தான். லண்டனிலிருந்து தூரமும் கூடுதல்.

டோவருக்கான ரயில் ஓடவில்லை, அல்லது அன்று பலத்த காற்று என்றால், அதே ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து பாதி நேரத்தில் ரோச்செஸ்டர் போய்விடலாம். 1127-இல் தொடங்கிய கோபுரம், 34 மீட்டர் உயரம், கூரை கிடையாது, டோவரைவிட மலிவு. அங்கே ஈஸ்டர் தொடர்பும் பலமாகவே இருக்கிறது. 1213 பெரிய வியாழனன்று, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று, ஜான் மன்னர் ரோச்செஸ்டரில் ஏழைகள் பதின்மூன்று பேருக்குத் தலைக்குப் பதின்மூன்று பென்னி கொடுத்தார். இன்றைய மன்னரும் பெரிய வியாழனில் காசு கொடுக்கிறாரே, அந்த வழக்கத்தின் பழைய பதிவுகளில் அது ஒன்று. 1264-இல், மன்னரை எதிர்த்துக் கிளம்பிய பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட்டின் ஆட்கள் புனித வெள்ளியன்றே ஊருக்குள் புகுந்து, கோபுரத்தை முற்றுகையிட்டார்கள். பன்றிக் கொழுப்பில் இடிந்த மூலையை அடையாளம் காண்பதும் சுலபம். கோபுரத்தின் மற்ற மூன்று மூலைகளும் சதுரம், திரும்பக் கட்டிய அந்த ஒன்று மட்டும் வட்டம். எந்த மூலை என்று நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகளே சுற்றிவந்து கண்டுபிடிக்கட்டும்.